ஒரு மணிகூட இல்லாத கதிர்க்குஞ்சம்

என் வீட்டு வாசல்நிலைக்கு மேலே ஒரு கதிர்க்குஞ்சம் தொங்குகிறது. அதில் ஒரு மணி நெல்கூடக் கிடையாது. நெற்கதிர்களைத் தாளோடு சேர்த்துப் பின்னி, கீழே மணிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும்படி செய்வதுதான் கதிர்க்குஞ்சம். வாசலில் கட்டினால் வீடு நிறையும் என்று எங்கள் பக்கத்தில் ஆசையாக வாங்கிப் போவார்கள். என்னுடையது வெறும் வைக்கோல். வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "குருவி தின்னுடுச்சா?" என்று கேட்கிறார்கள். நான் ஆமாம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. மருமகளுக்கு இது இங்கே தொங்குவதே பிடிக்கவில்லை. புது வீட்டு வாசலில் மொட்டைத் தாளைக் கட்டி வைத்திருக்கிறீர்களே, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்கிறாள். நினைக்கட்டும். இத்தனை வருஷத்தில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டென்றால் அது அங்கேதான் தொங்குகிறது. அதைக் கழற்றிப் பரணில் போட எனக்கு மனம் வரவில்லை.

அதைப் பின்னியவர் என் நாத்தனார். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர், புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் என்னைப் 'புள்ள' என்பார், எனக்குப் பேரன் பிறந்த பிறகும். பூதலூருக்குப் பக்கத்தில், ஊர்ப் பெரிய மிராசுதாரரின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நாங்கள் பயிர் செய்துகொண்டிருந்தோம். என் மாமனார் காலத்திலிருந்து எங்கள் கைதான் அந்த மண்ணில் பட்டது. குட்டை நெல் வந்து எல்லோரும் அதற்கு மாறியபோதும், நாத்தனார் ஒரு மூலையில் மட்டும் பழைய நெட்டை நெல்லை விடாமல் போட்டுவந்தார். தாள் நீளமாக இருந்தால்தான் பின்ன வரும். கதிர் நன்றாக முற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால் அறுத்து, நிழலில் காயவைத்து, தண்ணீர் தெளித்துப் பதமாக்கிப் பின்னுவோம். அப்படிச் செய்தால் மணி உதிராது.

பின்னுவதைவிடப் பெரிய வேலை, எங்கே கொண்டுபோய் விற்பது என்று முடிவு செய்வது. குஞ்சம் பித்தளைப் பாத்திரம் இல்லை. விற்கவில்லை என்றால் பேருந்துக் கூரையில் ஏற்றி இறக்கித் திரும்பக் கொண்டுவருவதற்குள் பாதி நசுங்கிப்போகும். அதனால் நாத்தனார் புதிய திருவிழாவுக்கோ சந்தைக்கோ முதல் தடவை சரக்கோடு போகவே மாட்டார். வெறுங்கையோடு போவார், கூடவே என்னையும் இழுத்துக்கொண்டு. உள்ளேகூடப் போகாமல், கூட்டம் வெளியே வருகிற பக்கமாகப் பார்த்து நின்றுகொள்வார். "உள்ள போறவன பாக்காத புள்ள. வெளிய வர்றவன் கையப் பாரு" என்பார். வெளியே வருகிறவர்கள் பொரி உருண்டையும் பலூனுமாக வந்தால் அந்த ஊர் எங்களுக்கு ஆகாது. முறம், கூடை, விளக்கு என்று வீட்டில் தங்கும் பொருளோடு வந்தால் அடுத்த வருஷம் போகலாம். திருப்பனந்தாள் பக்கத்தில் ஒரு சின்ன மாட்டுச் சந்தை. பேர் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் புது மாடு பிடித்துக்கொண்டு போகிறவன் மனசு நிறைந்து போகிறான், வாசலுக்கும் ஒன்று வாங்குவான் என்று நாத்தனார் சொன்னார். அங்கே எங்களுக்கு ஒரு குஞ்சம்கூட மிஞ்சியதில்லை.

பேர் பெற்ற ஒரு கோயில் திருவிழாவுக்கும் ஒருமுறை போனோம். கைகளைப் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மறு வருஷம் சரக்கோடு போய் இறங்கினால், இடம் ஒதுக்குகிற காரியஸ்தர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பக்தர்கள் செருப்பு விடுகிற இடத்தை ஒட்டிக் கையைக் காட்டினார். பாத்திரக் கடைக்கு நிழல், படக் கடைக்குப் பந்தல், நெல்லுக்குச் செருப்புக் குவியல். அந்த நெல்லைப் படியளக்கிற தாயே என்றுதான் உள்ளே கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் மூட்டையை அவிழ்க்கவே இல்லை. "வா புள்ள, போவம்" என்று அடுத்த வண்டிக்கே திரும்பிவிட்டார். எங்கள் கை பட்டதால்தான் அந்த நெல்லுக்கு அந்த இடம் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

அது ஊரெல்லாம் கொதித்துக்கொண்டிருந்த காலம். குத்தகைதாரர்களின் பெயரைச் சர்க்கார் கணக்கில் பதிய வேண்டும் என்று சட்டம் சொன்னது. பதியவிடாமல் செய்ய என்னென்ன உண்டோ அத்தனையும் நிலக்காரர்கள் செய்தார்கள். எங்கள் மிராசுதாரர் தாலுகா ஆபீசில் மனுப் போட்டிருந்தார். நிலம் முழுக்கத் தன் நேரடிச் சாகுபடியாம். எங்கள் குடும்பம் தன்னிடம் நாள் கூலிக்கு வேலை செய்கிறதாம். அது மட்டும் நிலைத்துவிட்டால் ஒரே நாளில் நாங்கள் வரப்பில் நிற்க வேண்டியதுதான். என் வீட்டுக்காரர் சங்கக் கூட்டம், தாலுகா ஆபீஸ் என்று அலைந்துகொண்டிருந்தார். மிராசுதாரரோ அதுவரை போட்டிருந்த கதர்த் துண்டைக் கழற்றிவிட்டுப் புது ஆட்சியின் கரைத்துண்டுக்கு மாறியிருந்தார். தோள் அதேதான்.

அந்தச் சமயத்தில்தான் தஞ்சாவூரில் நடக்கப்போகிற பொருட்காட்சிக்கு எங்களைக் கூப்பிட ஓர் ஆள் வந்தார். "கடைக்கி வாடகை கெடையாதும்மா. லாரி நாங்களே அனுப்புறோம். சர்க்கார் பொருட்காட்சி, பெரிய பெரிய ஆளுங்கல்லாம் வருவாங்க" என்றார். நாத்தனார் யோசித்தார். அவருடைய வழக்கப்படி முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வரவும் வழியில்லை. இன்னும் திறக்காத பொருட்காட்சியிலிருந்து யார் வெளியே வருவார்கள்? கடைசியில் சரி என்றார். "நாம ஓட்டுப் போட்டு வந்த ஆட்சி புள்ள. அங்கயுமா நம்மளச் செருப்புக்குப் பக்கத்துல ஒக்கார வெப்பாங்க?" அந்தத் தை முழுக்க உட்கார்ந்து பின்னினோம். வாசலுக்குச் சின்னது, கோயிலுக்குப் பெரியது, நடுவில் தொங்கவிட எல்லாவற்றிலும் பெரியதாக ஒன்று. அந்தப் பெரிய குஞ்சத்தை அவர் யாரையும் தொடவிடவில்லை.

கடை நல்ல இடத்தில்தான் இருந்தது. மேலே ஒரு பெயர்ப்பலகை, துணி போட்டு மூடியிருந்தது. திறப்பு விழாவுக்கு வருகிற பெரிய மனிதர்தான் துணியை விலக்குவாராம். நாங்கள் குஞ்சங்களைக் கயிற்றில் மாட்டிவிட்டு, நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு நின்றோம். மேளம் வந்தது, மாலை வந்தது, பெரிய மனிதர் வந்தார். அவர் பக்கத்தில் எங்கள் மிராசுதாரர். அவர் அந்தப் பொருட்காட்சிக் குழுவில் ஒருவர் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. துணியை விலக்கினார்கள், எல்லோரும் கை தட்டினார்கள்.

"என்ன எழுதியிருக்கு புள்ள?" என்று நாத்தனார் கேட்டார். நான் எட்டாவது வரை படித்தவள். படித்தேன். மேலே பெரிய எழுத்தில் மிராசுதாரரின் பெயர். அதன் கீழே, எங்கள் பண்ணையின் நேரடிச் சாகுபடியில் விளைந்த கதிர்கள் என்று ஒரு வரி. அதற்கும் கீழே சின்னதாக, கைவேலை: பண்ணைக் கூலிப் பெண்கள். படித்துக்கொண்டிருக்கும்போதே புகைப்படக்காரர் எதிரே வந்து நின்றுவிட்டார். பலகையும் விழ வேண்டும், அதன் கீழே நாங்கள் இரண்டு பேரும் விழ வேண்டும். "கொஞ்சம் சிரிச்சாப்புல நில்லுங்கம்மா" என்றார். மிராசுதாரர் ஏற்கெனவே சிரித்தபடிதான் நின்றார். லாரி எதற்கு, வாடகை இல்லாத கடை எதற்கு என்று அந்த நிமிஷம் புரிந்தது. அந்தப் படம் தாலுகா ஆபீசுக்குப் போகும். நாங்கள் கூலிகள்தான் என்று நாங்களே பலகைக்குக் கீழே நின்று சிரித்துச் சாட்சி சொன்னதாக ஆகிவிடும்.

நான் வாய்க்கு வந்ததைத் திட்டியிருப்பேன். நாத்தனாரோ புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார். நடுவில் தொங்கிய பெரிய குஞ்சத்தைக் கழற்றினார். சரக்கு வைக்கப் போட்டிருந்த பெஞ்சைச் சாய்த்து நிறுத்தினார். குஞ்சத்தின் தாளை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்து, தலைக்கு மேலே தூக்கி, களத்தில் கதிரடிப்பதைப் போல ஓங்கி ஓர் அடி அடித்தார். முற்றாமல் அறுத்த கதிர், லேசில் உதிராது. திரும்பத் திரும்ப அடித்தார். நெல் சிதறிப் பெரிய மனிதரின் வேட்டியில் விழுந்தது. அவர் இதையும் செய்முறை விளக்கம் என்று நினைத்துக்கொண்டு கை தட்டினார். அவர் தட்டியதைப் பார்த்துக் கூட்டமும் தட்டியது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை; நானும் ஒரு குஞ்சத்தைக் கழற்றி அடிக்க ஆரம்பித்தேன். மிராசுதாரர் ஒருவர் மட்டும் தட்டவில்லை. அவருக்குப் புரிந்திருந்தது.

கயிறு காலியாகிற வரைக்கும் நிறுத்தவில்லை. பிறகு குஞ்சம் சுற்றிக்கொண்டு வந்த பழைய வேட்டியில் நெல்லைக் கூட்டி அள்ளி மூட்டை கட்டினோம். நாத்தனார் மூச்சு வாங்கியபடி மிராசுதாரரைப் பார்த்தார். "நெல்லு எங்க நெல்லுங்க. தாளு வேணுமுன்னா அய்யா வெச்சுக்குங்க, போட்டோவுக்கு ஆவும்" என்றார். அப்போதும் 'ங்க' போட்டுத்தான் பேசினார். எனக்கு அவ்வளவு மரியாதை தெரியாது. தாளை மட்டும் எதற்கு விட வேண்டும் என்று காலடியில் கிடந்த பெரிய குஞ்சத்தை நான் தூக்கிக்கொண்டேன். அதுதான் இப்போது வாசலில் தொங்குவது.

பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நாத்தனார் அழுதார். "தை முச்சூடும் பின்னுனது புள்ள" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அந்த நெல்லை அவர் குத்தி அரிசியாக்கவில்லை. விதைக்கென்று எடுத்து வைத்தார். பச்சையாக அறுத்தது முளைக்குமா என்று கேட்டேன். பாதி முளைத்தது. எந்த மூலையிலிருந்து வந்ததோ அந்த மூலையிலேயே நட்டோம்.

படம் தாலுகா ஆபீசுக்கு வரத்தான் செய்தது. அதில் பலகை இருந்தது, காலிக் கயிறு இருந்தது, மூட்டையோடு திரும்பிப் போகிற இரண்டு பெண்களின் முதுகு இருந்தது. முதுகைப் பார்த்து யார் கூலி, யார் குத்தகைதாரர் என்று எந்தத் தாசில்தாரும் எழுத முடியாது. வழக்கு இழுத்துக்கொண்டே போய், கடைசியில் எங்கள் பெயர் பதிவானது. சங்கம் இல்லாவிட்டால் அது நடந்திருக்காது; குஞ்சம்தான் நிலத்தைக் காப்பாற்றியது என்று நான் கதை கட்ட மாட்டேன். மிராசுதாரருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. வருஷா வருஷம் அதே குழுவில் இருந்தார், வருஷா வருஷம் பொன்னாடை போர்த்திக்கொண்டார். நாத்தனார் அதற்குப் பிறகும் எத்தனையோ ஊர்களுக்குப் போனார். வெளியே வருகிறவர்களின் கையைப் பார்ப்பதற்கு முன்னால், "மேல என்ன எழுதியிருக்கு, படி" என்று என்னைக் கேட்பார். அது ஒன்றுதான் மாறியது.

அவர் இப்போது இல்லை. நானும் ஊர்ப் பெண்கள் சிலரும் சேர்ந்து இன்னும் பின்னுகிறோம், நன்றாகவே விற்கிறது. போன வாரம் ஓர் இளைஞர் காரில் வந்தார். மிராசுதாரரின் பேரன். தாத்தாவின் பங்களாவை வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் விடுதியாக மாற்றியிருக்கிறார். பொங்கலுக்கு அங்கே கைவினைச் சந்தை போடுகிறாராம். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினார். "ஸ்டால் ஃப்ரீ ஆன்ட்டி. வண்டி நாங்களே அனுப்பிடுறோம்" என்றார். போர்டில் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டேன். போனில் படத்தையே காட்டினார். மேலே பெரிதாகத் தாத்தாவின் பெயர், பக்கத்தில் பண்ணை என்று ஒரு சொல். பின்னுகிறவர்கள் பெயர் எங்கே என்றேன். "கீழ சின்னதா 'கிராமத்துப் பெண்கள்'னு போட்டுடலாம் ஆன்ட்டி" என்றார்.

நான் போனிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் பேச்சை மாற்றுவதற்காக வாசலை அண்ணாந்து பார்த்தார்.

"என்ன ஆன்ட்டி, குருவி தின்னுடுச்சா?"

"இல்லப்பா. ஒங்க தாத்தா பேருக்குக் கீழ மாட்டுனோம். உதிந்துடுச்சு."

மருமகள் காபி கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். குடியுங்கள் என்று நான் சொல்லவில்லை.