கப்பித்தான் வீட்டுக்கு அடுத்த வளவு

புல்லை வேரோடு நெம்பி எடுக்க ஆச்சிப்பிள்ளை விளக்குமாற்றைத் தலைகீழாகப் பிடிப்பாள். செங்கல் இடுக்கில் அதன் அடிக்கட்டையைக் குத்தி ஒரு திருகு திருகினால் புல் மண்ணோடு வந்துவிடும். பிறகு விளக்குமாற்றை நிமிர்த்திக் கூட்டத் தொடங்குவாள். வெயில் ஏறுமுன் அந்த முற்றம் துடைத்த பாத்திரம் மாதிரி இருக்கவேண்டும். புருஷன் நல்லரத்தினம் ஆற்றில் வாரிக்கொண்டு வரும் கூனியை அவள் அங்கேதான் காயப்போடுகிறாள். கூனி என்றால் நகத்தில் பாதி வராத இறால். மணலில் பரப்பினால் மணலும் சேர்ந்து காய்ந்து, தின்பவனின் பல்லில் கடிபடும். ஆச்சிப்பிள்ளையின் கூனியில் மணல் இருந்ததாக ஒருவரும் சொன்னதில்லை. காத்தான்குடியிலிருந்து மாட்டுக்கரத்தையில் வரும் மர்சூக், கண்ணை மூடிக்கொண்டு வாயில் போடலாம் என்று சந்தையில் கூவி விற்பது அவளுடைய கூனியைத்தான்.

ஆனால் முற்றம் அவளுடையதல்ல. அது கப்பித்தான் வீட்டு முற்றம். பெரியகல்லாற்றுத் துறைக்கு இறங்கும் ஒழுங்கையில், ஒல்லாந்தர் காலத்தில் எவனோ ஒரு கப்பல் கப்பித்தான் கட்டிய வீடு. அவன் எப்போது போனான், ஏன் போனான் என்று ஒழுங்கையில் ஒருவருக்கும் தெரியாது. கூரை விழுந்து எத்தனையோ மாரி போய்விட்டது. வளைவு வைத்த விறாந்தையும், ஓங்கி நிற்கும் பின்சுவரும், சுவரைப் பிளந்துகொண்டு எழும்பிய ஓர் அரசமரமும்தான் மிச்சம். அதற்குள் விரியன் பாம்பு உண்டு, மரநாய் உண்டு. மனிதர் இல்லை.

ஆச்சிப்பிள்ளை குள்ளமான பெண். நடக்கும்போது வலது தோள் முன்னே போகும், சாத்திய கதவைத் தள்ளிக்கொண்டு போகிறவள் மாதிரி. வாயில் எந்நேரமும் வெற்றிலை. கோபம் வந்தால் மெல்லுவதை நிறுத்திவிடுவாள். அவள் ஏசும்போது ஒழுங்கையில் யாரும் பயப்படமாட்டார்கள். அந்தத் தாடை ஓய்ந்தால்தான் பிள்ளைகளைக்கூட உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள்.

இன்னொரு குணம். தன்னுடையது என்று ஒரு பொருளையும் அவள் சொல்லிக் கேட்கமுடியாது. வளவில் நிற்கும் தென்னை மூத்தவளுடையது. அடைகாக்கும் கோழி இளையவளுடையது. கிணறு மூத்தவளுக்கு, கிணற்றடி முருங்கை இளையவளுக்கு. பானை, சுளகு, உரல் எல்லாவற்றுக்கும் ஒரு மகளின் பெயர் உண்டு. ஒருநாள் நல்லரத்தினம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே, அப்படியானால் நான் யாருடைய பங்கு என்று கேட்டிருக்கிறார். "மூத்தவள்ட கலியாணத்தோட உங்களையும் சேத்துத்தான் குடுத்த. மருமகன்தான் வேணாமெண்டிட்டான்" என்றாளாம்.

அது அந்தக் கரையின் வழக்கம். அங்கே பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் உடுத்த வேட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவான். ஆகவே பெண்ணைப் பெற்றவர்கள் வீட்டையும் பெறவேண்டும். மூத்தவளுக்குத் தாங்கள் இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் பின்வளவில் ஒரு கொட்டிலுக்குள் ஒதுங்குவார்கள். அடுத்தவளுக்கு அடுத்த துண்டில் புதுவீடு எழும்பும். இப்படித் தாயைச் சுற்றி மகள்மார், அவர்களைச் சுற்றிப் பேத்திமார், வாழைக்குப் பக்கத்தில் வாழைக்குட்டி வெடிப்பதுபோல. வீடில்லாத பெண்ணுக்குக் கலியாணப் பேச்சே எழாது. அவள் எவ்வளவு வடிவாய் இருந்தாலும் எழாது.

ஜப்பான்காரன் குண்டு போட்டதற்கு முந்திய வருசம் அது. ஆச்சிப்பிள்ளையின் இளையவள் சீதேவிப்பிள்ளைக்குப் பேச்சு முடிந்திருந்தது. மாப்பிள்ளை நல்லரத்தினத்தின் அக்காள் மகன், கிரானில் வயல் செய்கிறவன். தையில் கலியாணம். மாரி பிடிக்குமுன் வீட்டுக்குக் கூரை ஏறிவிட வேண்டும். இளையவளுக்கென்று கிடந்த துண்டு கப்பித்தான் வீட்டுப் பின்சுவரோடு ஒட்டியது. அதை விட்டால் வேறு இடமில்லை, மற்றப் பக்கம் ஆறு. மண் வெட்டிக் குவித்தாயிற்று, மரமும் வந்து இறங்கியாயிற்று. அந்தச் சமயம் பார்த்துத்தான் ஊர்த்தலைவரான விதானையார் தங்கராசா ஒழுங்கை முழுக்கப் பறையடிப்பித்தார்.

செய்தி இதுதான். பழங்காலத்துக் கட்டிடங்களைக் காக்கக் கவண்மேந்து புதுச்சட்டம் போட்டிருக்கிறது. கப்பித்தான் வீட்டையும் அதில் சேர்க்கப் போகிறார்கள். சேர்த்தால் அதில் ஒரு கல்லைத் தொடக்கூடாது, சுற்றிலும் எல்லை அளந்து முளை அடிப்பார்கள், முளைக்கு உள்ளே புதிதாக ஒன்றும் எழும்பக்கூடாது. ஆட்சேபனை உள்ளவர்கள் கொழும்பிலிருந்து வரும் துரையிடம் சொல்லலாம்.

ஆட்சேபனை இல்லாதவர் யார்? பக்கத்து வளவு அருமைநாயகம்தான் முதலில் வேட்டியை மடித்துக் கட்டியவர். அவருடைய மாட்டுக்கொட்டிலுக்கு மூன்று பக்கம் மட்டை, நாலாவது பக்கம் கப்பித்தான் சுவர். அந்த வீட்டில் பாம்பு இருக்கிறது, பேய் இருக்கிறது, சுவர் விழுந்தால் சாவது நாங்கள், அதை இடித்துத் துறைக்குப் பாதை போட்டால் ஊருக்கு உதவும் என்று அவர் வீடுவீடாகப் போய் ஆளைத் திரட்டினார். ஒரு மனிதக் குஞ்சும் அதற்குள் போவதில்லை என்று துரையிடம் ஒரே வாயாய்ச் சொல்லவேண்டும் என்பது ஏற்பாடு. ஆச்சிப்பிள்ளை மட்டும், "நான் நித்தம் போறனே" என்றாள். நீ வாயைத் திறவாதே மச்சாள் என்று அவளைக் கெஞ்சவேண்டியிருந்தது.

துரை வந்த அன்று ஊரே திரண்டு கப்பித்தான் வீட்டு வாசலில் நின்றது. ஒருவரும் இதற்குள் போவதில்லை என்று அருமைநாயகம் சொல்ல, விதானையார் அதை இங்கிலீசில் சொல்ல, துரை எட்டிப் பார்த்தார். உள்ளே கூட்டிப் பெருக்கிய முற்றத்தில் கூனி சிவக்கச் சிவக்கக் காய்ந்துகொண்டிருந்தது. காகம் கலைக்கப் பனையோலை கட்டிய கம்புகூட நட்டிருந்தது. துரை சிரிக்கவில்லை. நல்ல மனிதர். மெலிந்த ஆள், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வளைவின் கீழ் நெடுநேரம் நின்றார். மாட்டின் கழுத்தைத் தடவுகிறவர் போலச் சுவரைத் தடவினார். பிறகு அக்கம்பக்கத்து வளவுகளையும் பார்க்கவேண்டும் என்றார்.

அங்கேதான் வந்தது வினை. ஒரு வளவில் துணி துவைக்கும் கல், கப்பித்தான் வீட்டு வாசற்படி. இன்னொன்றில் நெல் அவிக்கும் அடுப்பு முழுக்க அந்தச் செங்கல். மற்றொன்றில் கோழிக்கூட்டின் கதவு, பூ வெட்டிய யன்னல். அருமைநாயகத்தின் மாட்டுக்கொட்டிலில் கன்று கட்டியிருந்தது ஒரு தூணின் தலையில். துரை ஒவ்வொன்றின் முன்னும் குனிந்து பார்த்துவிட்டு நடந்தார். பின்னால் வந்த சனம் கரையத் தொடங்கியது. ஒருவருக்கு வயல்வட்டையில் தண்ணீர் கட்டவேண்டியிருந்தது. ஒருத்திக்கு உலை கொதித்தது. எடுத்த கல்லுக்குக் கேள்வி வருமாம் என்று யாரோ முணுமுணுத்ததும் அருமைநாயகம், தனக்கு ஆட்சேபனை என்று பெரிதாக ஒன்றும் இல்லை என்றார்.

ஆச்சிப்பிள்ளையின் கிணற்றடிக்கு வந்தபோது விதானையாரையும் நல்லரத்தினத்தையும் தவிர ஒருவரும் மிஞ்சவில்லை.

"மூத்தவள்ட கிணத்துக்கட்டும் அந்தக் கல்லுத்தான். நான்தான் சுமந்த. கேக்கிறதெண்டா கேக்கச் சொல்லுங்க" என்றாள்.

துரை கல்லைப் பற்றிக் கேட்கவில்லை. இப்படி ஒரு வளைவு இந்தக் கரையில் வேறெங்கும் மிஞ்சவில்லை, இன்று விட்டால் இரண்டு மாரியில் இதுவும் மண்ணாகிவிடும் என்றார். விதானையார் சொல்லச் சொல்ல ஆச்சிப்பிள்ளை தலையாட்டினாள். அதில் அவளுக்கும் மறுப்பு இல்லை. அந்த வீடு விழுந்தால் கூனி காயப்போடச் செங்கல் முற்றத்துக்கு எங்கே போவது?

"வீடு நிக்கட்டும் விதானையார். நான் வேணாமெண்டு சொல்லல்ல. அது ஆளில்லாத வீடு. ஆளில்லாத வீட்டுக்காக ஆள் வாற வீட்ட நிப்பாட்டினா அது என்ன ஞாயம் எண்டு கேளுங்க."

துரை குவித்த மண்ணைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், கொட்டில் வாசலில் நின்ற சீதேவிப்பிள்ளையையும் பார்த்தார். அவர் முகம் வாடியது உண்மை. ஆனாலும் சட்டம் சட்டம்தான் என்றார். இருக்கிற வீடுகளைத் தொடமாட்டோம், புதிதாக ஒன்றும் எழும்பக்கூடாது, நாளைக் காலை அளந்து முளை அடிப்போம்.

ஆச்சிப்பிள்ளையின் தாடை நின்றது. நல்லரத்தினம் மெதுவாக ஓர் அடி பின்னால் வைத்தார்.

"இருக்கிற வீடெண்டாத் தொடமாட்டாங்களா?"

"தொடமாட்டாங்க" என்றார் விதானையார்.

அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் விடிய, இளையவளின் துண்டில் நட்டநடுவே ஒரு பாய் அகலத்துக்கு நிலத்தைத் தட்டிச் சாணி மெழுகினாள். மெழுகலைச் சுற்றிக் கோலம் இழுத்தாள். கலியாணத்துக்கென்று எடுத்து வைத்த புதுப்பானையை இறக்கினாள். ஆற்றங்கரையிலிருந்து மூன்று கல்லைக் கடகத்தில் சுமந்து வந்து அடுப்புக் கூட்டினாள். சீதேவிப்பிள்ளையைத் தலை முழுகவைத்து, அடுப்புக்கு முன்னால் உட்காரச் சொன்னாள். பெட்டைக்கு வெட்கம் தாங்கவில்லை. துறைக்குப் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கிறார்கள்.

"அம்மா, சுவரில்லாம இது என்ன வீடு?"

"சுவர் பொறவு வரும். மாப்பிள்ளை வந்து சுவரையா தின்னப்போறான்? நெருப்ப மூட்டு மகள்."

பால் மட்டும் இல்லை. அதற்கு ஆள் அனுப்ப அவள் எழும்பும்போது, வேலிக்கு மேலால் ஒரு செம்பு நீண்டது. பிடித்திருந்த கை அருமைநாயகத்தினுடையது. நேற்றிலிருந்து அவர் அவள் முகத்தில் விழிக்கவில்லை.

"இளையவள்ட வீட்டில பால் காச்சுறதாக் கேள்விப்பட்டன், மச்சாள்."

"பேய் விட்டுதா உங்கள?" என்று கேட்டுக்கொண்டே அவள் செம்பை வாங்கினாள்.

பால் அடுப்பில் ஏறியதும் துரையும் வந்தார். விதானையார் முன்னே, நிலமளக்கும் சங்கிலி பிடிக்கிற இரண்டு பேர் பின்னே. விதானையார்தான் முதலில் திகைத்தார்.

"என்னகா இது?"

"இளையவள்ட வீடு."

"எங்க வீடு? கூரையக் காணல்ல, கதவக் காணல்ல."

"விதானையார், கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு நெல்லெடுக்கக்குள்ள எதப் பாத்து எண்ணுற? கூரையவா?"

தங்கராசா அடுப்பின் மூன்று கல்லையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மூத்தவள் கலியாணம் முடிச்ச வருசம் ஒரே கூரைக்குள்ளதானே அவளும் நானும் இருந்த. ரெண்டு அடுப்பு எரியிது, அப்ப ரெண்டு வீடு எண்டு சொல்லி ரெண்டு பங்கு நெல் அளந்துக்கு போனது ஆரு? துரைக்கு அதச் சொல்லுங்க. ஒண்டும் கூட்டவேணாம், குறைக்கவும் வேணாம்."

சொல்லாமல் இருக்க அவருக்கு வழியில்லை. அந்தக் கரையில் வீடு என்பது அடுப்புத்தான், அடுப்பு எரிகிற குசினிதான். விதானையாரின் தகப்பனும், அவருக்கு முந்திய விதானையாரும் அப்படித்தான் எண்ணினார்கள். தங்கராசா சால்வையை ஒதுக்கிவிட்டு, துரையிடம் வெகுநேரம் இங்கிலீசில் பேசினார். துரை இடையில் இரண்டொரு கேள்வி கேட்டார். தங்கராசா அடுப்பைக் காட்டினார், கோயில் இருக்கும் திசையைக் காட்டினார், தன் நெஞ்சையும் தொட்டுக் காட்டினார். வேலிகளுக்கு மேலால் ஒவ்வொரு தலையாக முளைத்தது. வட்டைக்குப் போனவர் வந்துவிட்டார், உலை வைத்தவளும் வந்துவிட்டாள். சங்கிலிக்காரன் சங்கிலியின் நுனியைக் கையில் வைத்துக்கொண்டு, விடுவதா பிடிப்பதா என்று தெரியாமல் நின்றான்.

துரை தொப்பியைக் கழற்றினார். கப்பித்தான் வீட்டு வளைவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு பானையைக் கிட்டப் பார்க்கிறவர்போல முன்னே வந்தார். அவருடைய கறுப்புச் சப்பாத்தின் முனை கோலத்தைத் தாண்டி, ஈரம் காயாத மெழுகலின் விளிம்பில் பட்டது.

ஆச்சிப்பிள்ளை எழும்பவில்லை. கையிலிருந்த அகப்பையை நீட்டி அவருடைய காலைக் காட்டினாள்.

"சப்பாத்தக் கழட்டச் சொல்லுங்க விதானையார். அவர் நிக்கிறது என்ட பிள்ளைட குசினி."

விதானையார் அதை இங்கிலீசில் சொல்லவில்லை. சொல்ல அவசியமும் இருக்கவில்லை. பால் நுரைத்துப் பானையின் கழுத்துவரை எழும்பிவந்தது. துரை ஒரு கையால் சங்கிலிக்காரனின் தோளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார்.