நாற்பது கிராம் துரு

சென்றாயன் ஊர்த் தண்ணீரைப் பார்சல் கட்டி வெளியூருக்கு அனுப்புகிறான் என்ற சேதி, நூறு நாள் வேலைக் கூலியை எடுக்க வந்த தீர்த்தம்மாளோடு போஸ்ட் ஆபீசுக்குள் நுழைந்தது.

இண்டூருக்கு மேற்கே இருக்கும் அந்த ஊரில் போஸ்ட் ஆபீஸ் என்றால் ஓர் அறை, ஓர் எடை மெஷின், சசிகலா. போஸ்ட்மாஸ்டரும் அவள்தான், முத்திரை குத்துபவளும் அவள்தான். ஆகவே தண்ணீர் ஊரை விட்டுப் போயிருந்தால் அவள் குத்திய முத்திரையோடுதான் போயிருக்க வேண்டும். அது அவளைக் கொஞ்சம் உறுத்தியது.

"மாது வூட்டுப் போர்ல சென்றாயன் மோட்டாரு ஏத்துனான். துருப்புடிச்ச போல்ட்டு ஒண்ணை இடுப்புல சொருவிக்கிட்டுப் போனான். எட்டாம் நாள் போரு வத்திப்போச்சு" என்றாள் தீர்த்தம்மாள். "அப்புறம் உங்கூட்டுப் போரு."

"எங்கூட்டுல என்னாத்தக்கா எடுத்தாரு?"

"அது உன் வூட்டுக்காரருக்குத்தான் தெரியும். அந்தத் துரு கெணத்தோட ராசி இல்லையா? தபால்ல ஏத்தி விட்டுட்டா அது எந்த ஊர்ல இறங்குதோ அங்க தண்ணி ஊறுது."

ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டாரை மேலே ஏற்றிப் பழுது பார்த்து இறக்குவது சென்றாயனின் பிழைப்பு. முப்பது வருஷமாக அந்த ஊரில் வேறு ஆள் கிடையாது. இப்போது ஒன்றரை மாதமாக யாரும் அவரைக் கூப்பிடவில்லை. கடத்தூரிலிருந்து ஆள் வரவழைத்தார்கள். வண்டி வாடகையையும் கொடுத்தார்கள். கப்பியும் சங்கிலியும் அவர் வீட்டு வாசலில் வேலையில்லாமல் கிடந்தன.

தீர்த்தம்மாள் போனதும் சசிகலா பதிவேட்டைப் புரட்டினாள். சென்றாயன் அனுப்பியது முன்னூற்று எண்பது கிராம். பதிலுக்கு வந்ததும் முன்னூற்று எண்பது. அடுத்தது ஐந்நூற்று ஆறு. வந்ததும் ஐந்நூற்று ஆறு. ஐந்து வருஷமாக இப்படியே. பெறுநர் தெரசா, குமரி மாவட்டத்துக் கடற்கரையில் ஏதோ ஊர். கடற்கரை என்ற சொல்லில் விரலை வைத்து நிறுத்தினாள். அங்கே தண்ணீருக்கு என்ன குறை?

கடைசியாக வந்த பெட்டி மேசைக்கடியில் இருந்தது. அவர் அனுப்பியது நானூற்றுப் பன்னிரண்டு. இது நானூற்று ஐம்பத்திரண்டு.

பார்சலை அவள் பிரிக்கக் கூடாது. வாங்குகிறவர் அவள் கண்ணெதிரே பிரித்தால் தப்பில்லை. சென்றாயனுக்கு ஆள் விட்டாள்.

"பிரிங்கண்ணா, பார்க்கலாம்."

அவர் மறுக்கவில்லை; அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. உள்ளே படகு ஆணிகள், ஒரு பூட்டு, நங்கூரத்தின் உடைந்த நுனி. இரும்பு ஏடு ஏடாகப் பிரிந்து, வெங்காயச் சருகு போல் கறுத்துக் கிடந்தது.

"கடலு தின்ன இரும்பு இப்படித்தாம்மா இதழ் இதழா வரும். நம்மூரு துரு அப்படியில்ல. செந்தூரமா இருக்கும், மேல உப்பு வெள்ளையா பூத்துக்கும். எண்ணூறு அடிக்குக் கீழ போனா லேசா பச்சை."

"இத வெச்சி என்னா பண்றீங்க?"

"பார்ப்பேன்."

"பார்த்துட்டு?"

"வெச்சிடுவேன்."

இதைவிடச் சந்தேகமான பதிலை அவள் கேட்டதில்லை.

கதை இதுதான் என்றார். ஆறு வருஷத்துக்கு முன் சங்கிலிக் கொக்கி உள்ளங்கையைக் கிழித்தபோது, தருமபுரி ஆஸ்பத்திரியில் தெரசா நர்ஸ் காயத்திலிருந்து ஒரு துருச் செதிலை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எங்க ஊர்ல இந்த நிறம் கிடையாது என்று காகிதத்தில் மடித்துக்கொண்டார். ஓய்வு பெற்று ஊருக்குப் போனவர், அந்தச் செதிலுக்கு ஈடாக ஒரு படகு ஆணியை அனுப்பினார். அன்றிலிருந்து ஒரே பெட்டி போய்வருகிறது. கிராமுக்குக் கிராம் சரியாக இருக்க வேண்டும் என்பது இருவரின் ஒப்பந்தம்.

"இந்தத் தடவை அந்தம்மா நாப்பது கிராம் ஜாஸ்தி போட்டுட்டாங்க. ஈடு கட்டலாம்னா எவன் போர் கிட்டயும் என்னை விடமாட்டேங்கறாங்களே."

இதில் குற்றம் எங்கே இருக்கிறது என்று சசிகலாவுக்குப் பிடிபடவில்லை. இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. சோதித்துவிடலாம் என்று, வற்றிக் கிடந்த தன் வீட்டுப் போரில் மோட்டாரை ஏற்ற அவரையே கூப்பிட்டாள்.

அவள் கணவன் பூவரசன் எகிறினான். "ஏற்கெனவே சித்திரைல ஒரு கிளாம்ப்பைத் தூக்கிட்டுப் போனவன். இந்தத் தடவை மிச்சத்தையும் கட்டிக் குடுத்துடு."

"ஏங்க, நீங்க பக்கத்துலயே நில்லுங்க. ஒரு துணுக்குகூட வெளிய போகக்கூடாது."

பூவரசன் நின்றான். வேலை முடியும்வரை கண் சென்றாயனின் இடுப்பை விட்டு நகரவில்லை. பைப் மேலே வந்தபோது அதைக் கவ்விப் பிடித்திருந்த, இற்றுப்போன கிளாம்ப் ஒன்று உதிர்ந்தது. செந்தூரம், வெள்ளை, ஓரத்தில் கிளிப்பச்சை. சென்றாயன் குனிந்தார். பூவரசன் அதைக் காலால் மிதித்துக்கொண்டான்.

நீர்மட்டம் இறங்கிவிட்டது என்று சொல்லி, சென்றாயன் இரண்டு பைப் கூடுதலாகச் சேர்த்து மோட்டாரை இறக்கினார். சுவிட்சைப் போட்டதும் முதலில் காற்று, பிறகு சேறு, பிறகு தண்ணீர்.

"பார்த்தியா" என்றான் பூவரசன், மிதித்த காலை எடுக்காமல். "குடுக்கல. வந்துடுச்சி."

ஒரே வாரத்தில் ஊர் முழுக்க அந்தச் சேதி. சென்றாயன் மேல் குற்றம் இல்லை, துரு வெளியே போவதுதான் குற்றம் என்று தீர்ப்பானது. மாது முதல் ஆளாகக் கூப்பிட்டான். இப்போது சென்றாயனுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆனால் எந்தப் போருக்குப் போனாலும் வீட்டுக்காரர் ஒரு தாம்பாளத்தோடு நிற்கிறார். உதிர்ந்த போல்ட்டையும் செதிலையும் பொறுக்கி, மஞ்சள் துணியில் முடிந்து சாமி மாடத்தில் வைத்துக்கொள்கிறார்கள். பழைய இரும்புக்காரர்கூட அந்த ஊருக்குள் வருவதை நிறுத்திவிட்டார். வேலை முடிந்து கிளம்புகையில் சென்றாயன் சட்டைப் பையை வெளியே இழுத்து உதறிக் காட்ட வேண்டும்.

போன வாரம் தெரசாவிடமிருந்து கார்டு வந்தது. கார்டை எப்படிப் பிடித்தாலும் எழுத்து கண்ணில் படத்தான் செய்கிறது. பெட்டி ஏன் வரவில்லை, உடம்புக்கு ஏதுமா என்று கேட்டிருந்தார்.

பூவரசன் தோட்டத்துக்குப் போன நேரம் சசிகலா வீட்டுச் சாமி மாடத்திலிருந்து கிளாம்ப்பை எடுத்துவந்து எடை மெஷினில் வைத்தாள். நாற்பத்தோரு கிராம். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரத்துப் பச்சை, புதுக் கொழுந்து மாதிரி இருந்தது. சென்றாயன் இரும்பை எடுத்துக்கொண்டு விட்டுப்போன பெட்டி மேசைக்கடியில் திறந்தபடி கிடந்தது.

வீட்டுக் குழாயில் தண்ணீர் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. யார் கண்டது. கிளாம்ப்பைத் துணியில் முடிந்து, மாடத்தில் இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தாள்.

ஒரு துணுக்காவது கிடைக்குமா என்று சென்றாயன் தினமும் வந்து கேட்கிறார். தெரசாவுக்கு நாற்பது கிராம் இன்னும் பாக்கி.