கவாத்து வெட்டிய மாதத்தில் வந்த ஆய்வு

அப்பாவின் காரியங்கள் முடிந்த மறுவாரமே வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டேன். ஒவ்வொரு தாளுக்கும் மூன்று நகல், ஒவ்வொரு நகலுக்கும் ஓர் உறை. எந்தக் கிழமை எந்த அலுவலகத்துக்குப் போனேன், யார் என்ன சொன்னார்கள் என்பதை அன்றன்றே எழுதிவைக்கிறவன் நான். அப்படிப்பட்ட என் ஒழுங்கினால்தான் நிலம் கையை விட்டுப் போகப் பார்த்தது. இதை எழுதும்போதும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

கட்டபெட்டு போகும் சாலைக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் தேயிலை. அரசு அப்பாவுக்கு ஒப்படைத்த நிலம். அவருக்குப் பின் வாரிசுகள் தொடர்ந்து பயிர் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் நிலம் அரசுக்கே திரும்பிவிடும் என்பது ஆணையில் உள்ள நிபந்தனை. நிலத்தின் கீழ்க்கோடியில் இரண்டு அறை வீடு. கணவர் போன பிறகு அக்கா அங்கேதான் இருக்கிறாள். கொழுந்து பறித்துத்தான் அவளுக்குச் சாப்பாடு. எனக்குக் குன்னூரில் பள்ளிக்கூட வேலை, குடியிருக்க வீடு எல்லாம் உண்டு. நிலம் போனால் எனக்கு வருத்தம், அக்காவுக்குப் போக்கிடம் இல்லை.

நான் வரலாறு நடத்துகிறவன். இடைக்கால இங்கிலாந்தில் ஒரு பிரபு இறந்தால் அவர் நிலம் முதலில் அரசன் கைக்குப் போகும். மகன் வந்து, தான் இன்னாருக்குப் பிறந்தவன், உரிய வயது வந்தவன் என்று நிரூபித்து அதைத் திரும்ப வாங்க வேண்டும். சில குடும்பங்கள் தலைமுறைக் கணக்கில் அரசனோடு மல்லுக்கு நின்றன. இந்தப் பாடம் வரும்போதெல்லாம் யாராவது கேட்பார்கள்: "ஏனுங்க சார், அவங்கப்பன் நெலத்த அவனுக்குக் குடுக்க ராஜாவுக்கு என்னங்க நோவு?" வகுப்பே சிரிக்கும். நானும் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவேன்.

அப்பா நான்கு வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் கவாத்து வெட்டுவார். செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவதுதான் கவாத்து. வெட்டியதும் தோட்டத்தில் ஓர் இலைகூட இருக்காது. எரிந்துபோன புதர் மாதிரி குச்சி குச்சியாக நிற்கும். மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் பச்சை திரும்பும். அப்பா இறந்த வருடம் கவாத்து முறை வந்தது. வாரிசுகள் பயிர் செய்கிறார்களா என்று பார்க்க அதிகாரி வரவிருந்த சமயமும் அதுதான்.

"ஆபீசர் வந்து பாத்துட்டுப் போவட்டும்டா. அப்பறமா வெட்டிக்கலாம்" என்றாள் அக்கா.

"அப்பா ஒரு மாசம்கூடத் தள்ளினது இல்லை" என்று சொல்லி ஆள் வைத்து வெட்டினேன்.

வெட்டிய பதினோராம் நாள் வருவாய் ஆய்வாளர் வந்தார். கீழ்நாட்டுச் சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்தவர். சாரல் விழுந்துகொண்டிருந்தது. குடையோடு சாலையிலேயே நின்று பார்த்துவிட்டுப் போனார். "பயிர் ஏதுமில்லை. பட்டுப்போன கட்டைகள் மட்டும் உள்ளன" என்பது அவர் அறிக்கை. நிலத்தை ஏன் அரசு எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கேட்டு அறிவிப்பு வந்தது.

கவாத்து என்றால் என்ன என்று விளக்கி நான்கு பக்கம் எழுதினேன். மறு ஆய்வுக்கு ஆணையிட்டார்கள். அது நடக்க ஐந்து மாதம் ஆயிற்று. அதற்குள் தோட்டம் பளபளவென்று தழைத்துவிட்டது. அதே ஆய்வாளர், அதே சாலை. "முன்பு காலியாக இருந்த நிலத்தில் அறிவிப்புக்குப் பின் புதிதாகத் தேயிலை நடப்பட்டுள்ளது" என்று எழுதிவிட்டார். வாரிசுகளாக இருந்த நாங்கள் ஆக்கிரமிப்பாளர்கள் ஆகிவிட்டோம். நேரில் விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது.

"மொட்டையா இருந்தாலும் குத்தம், தழைச்சாலும் குத்தம். நாம என்னடா தேயிலையா வளக்கறோம், கஞ்சாவா?" என்றாள் அக்கா.

விசாரணைக்கு முந்தின நாள் நானும் அவளும் கடப்பாரை போட்டு ஒரு செடியை வேரோடு தோண்டினோம். அரை நாள் பிடித்தது. தூர் என் தொடைப் பருமன் இருந்தது. அப்பா நட்டது என்று யாருக்கும் விளங்கும். மறுநாள் காலை சாக்கில் கட்டிப் பேருந்தில் ஏற்றினேன்.

"என்னங்க சார், வெறகா?" என்றார் நடத்துனர்.

"சாட்சி" என்றேன். லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

விசாரித்த அதிகாரி ஓர் அம்மையார், பொறுமையானவர். சாக்கைப் பிரித்துப் பார்த்தார், தூரைத் தட்டியும் பார்த்தார். "பழைய செடிதான் சார், ஒத்துக்கறேன். ஆனா இது உங்க நிலத்துல எடுத்ததுன்னு நான் எப்படி எழுதறது?"

"வந்து பாருங்கம்மா. எல்லாச் செடிக்கும் இதே தூர்தான்."

"மூணாவது ஆய்வுக்குப் போடறேன். அதுவரைக்கும் நிலம் இப்ப இருக்கற மாதிரியே இருக்கட்டும். இலை பறிக்காதீங்க."

"பறிக்காம விட்டா ரெண்டு மாசத்துல ஆள் உயரம் வளந்துடும்மா. பராமரிப்பே இல்ல, காடாக் கெடக்குதுன்னு எழுதுவாங்க."

"அதை அப்பப் பாத்துக்கலாம் சார்" என்று அடுத்த கோப்பை எடுத்துவிட்டார்.

ஆணை நகலை வாங்கி உறையில் போட்டு, மேலே எண் எழுதி, நேராக அக்கா வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். அவள் முழுவதும் கேட்டாள். பிறகு உள்ளே போய்ப் பறிக்கிற பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, ஆணை இருக்குது."

"அத நீயே வெச்சுக்க. உன்ற ஒழுங்குல ஒருக்கா மொட்டையடிச்சாச்சு. அவங்க ஒழுங்குல காடாக்கச் சொல்றயா? நான் இந்த வாரம் சோறு திங்கோணுமா வேண்டாமா?"

இத்தனை வருடத்தில் ஒரு விடுப்பு விண்ணப்பம்கூட நான் தாமதமாகக் கொடுத்ததில்லை. சட்டையைக் கழற்றி மடித்து வைத்தேன். திண்ணையில் கிடந்த இன்னொரு பையைத் தோளில் மாட்டினேன். அக்கா வீட்டுப் பக்கம் பறிக்கத் தொடங்கினாள். சாலையோர வரிசையை நான் எடுத்துக்கொண்டேன். யாராவது வந்து பார்த்தால் முதலில் என்னைப் பார்க்கட்டும்.