மருமகனை முந்திக்கொண்டு போன காலை

உங்களுக்கெல்லாம் சோறு தண்ணி இறங்குகிறதா இல்லையா? ஊரே பார்த்த விஷயம், டி.வி.யில் மூன்று நாள் ஓட்டிய விஷயம். அதையும் தாண்டி, உள்ளே என்ன நடந்தது என்று என் வாயைக் கிளறுகிறீர்களே. ஒரு ஆளுக்கு வேலை போனதைக் கேட்பதில் அப்படி என்ன ருசி? நெத்திலி வறுவலா? சரி, வந்ததுதான் வந்துவிட்டீர்கள், உட்காருங்கள். நடுவில் யாராவது 'ஐயோ பாவம்' என்று சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

என் இரண்டாவது பெண்ணைக் கட்டியவர் இந்த ஊரின் பெரிய கால்பந்து கிளப்புக்குக் கோச்சாக இருந்தார். ஏரோப்ளேனில் வந்து இறங்கும் வெள்ளைக்கார ஆட்டக்காரர்கள்கூட அவர் விசில் ஊதினால் ஓடுவார்கள். கோப்பை ஜெயித்த வருஷம் காசிமேடு முழுக்க அவர் முகம் போட்ட பேனர்தான். ஒரு பேனரில் என் பெண்ணையும் போட்டிருந்தார்கள், என்னை விட்டுவிட்டார்கள். அது வேறு கதை. வீட்டில் கீழ்த்தளம் எனக்கு, மாடி அவர்களுக்கு. வெளியே எத்தனை பேர் அவரோடு செல்ஃபி எடுத்தாலும், குழம்பில் புளி குறைச்சல் என்று சொன்னால் நான் திட்டத்தான் செய்வேன்.

அப்புறம் வரிசையாக ஐந்து ஆட்டம் தோற்றார்கள். முதல் இரண்டு தோல்விக்கு ஜனங்கள் நடுவரைத் திட்டினார்கள். மூன்றாவதுக்கு மழையைத் திட்டினார்கள். ஐந்தாவதுக்குத் திட்ட வேறு ஆள் இல்லாமல் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். மீன் ஏலத்தில் நிற்கிறேன், ஏலம் கூறுகிறவர் இறால் கூடையை அப்படியே நிறுத்திவிட்டு, "இன்னா ஆயா, மாப்ள எப்பதான் ஜெயிப்பாரு?" என்று என்னைக் கேட்கிறார். "நீ அழுகின எறால விக்கறத நிறுத்து, அடுத்த நாளே ஜெயிப்பாரு" என்று சொல்லிவிட்டு வந்தேன். வெளியில்தான் அந்த வாய். வீடு வந்த பிறகுதான் பார்த்தேன், வாங்கப் போன மீனை வாங்காமலே வந்திருக்கிறேன்.

அன்றைக்குக் காலையில் என் பெண் ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போய்விட்டாள். மருமகன் குளித்துக்கொண்டிருந்தார். அவர் போன் ஃபிரிட்ஜ் மேல் இருந்து அடித்தது, நின்றது, திரும்ப அடித்தது. மூன்றாவது முறை நானே எடுத்தேன்.

"அலோ."

"கோச் இல்லியா? நீங்க யாரு பேசறது?"

"மாமியா."

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமுகிற சத்தம். கிளப்பில் பெரிய பொறுப்பில் இருக்கிற ஆள். எங்கள் வீட்டுக்கு வந்து வஞ்சிரம் வறுவல் மூன்று துண்டு தின்றுவிட்டுப் போனவர்தான். "நல்லதாப் போச்சும்மா, நீங்களே சொல்லிடுங்க. இன்னிலேர்ந்து அவர் பிராக்டிஸுக்கு வர வேணாம். லெட்டர் மெயில்ல அனுப்பியாச்சு. ஒன்பது மணிக்குப் புது கோச் வர்றார், டி.வி.காரங்களும் வராங்க. கேட்ல வாட்ச்மேன்கிட்ட சொல்லி வெச்சிருக்கோம். அவர் வந்து நின்னா எல்லாருக்கும் சங்கடம்."

"இத நீ அவராண்ட சொல்லாம என்னாண்ட சொல்றியே, வஞ்சிரத்த நானா துன்னேன்?" என்று கேட்டேன். அதற்குள் வைத்துவிட்டார்.

குளியலறைக் கதவு திறந்தது. தலையைத் துவட்டிக்கொண்டே, "போன் அடிச்சுதா அத்தே?" என்றார்.

"ராங் நம்பரு மாப்ள. கொரியர்னு இன்னாவோ சொன்னான்."

ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கப்போகிறீர்கள். என் வீட்டுக்காரர் நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர். கடலுக்குப் போகிற வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கிளம்புகிற ஆளிடம் கெட்ட சேதி சொல்லக் கூடாது. எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. படி இறங்கியவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. என் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்த அன்றைக்குக்கூட, போட் ஏறப் போனவரிடம் மூச்சு விடாமல் டீத்தூக்கைக் கொடுத்து அனுப்பினேன். மூன்றாம் நாள் கரைக்கு வந்த பிறகுதான் சொன்னேன். 'சொல்லாம இருந்தியே, அதுவே நல்லது' என்றார். மாமியார் மட்டும் கடைசி வரைக்கும் என்னை மன்னிக்கவில்லை.

அந்தப் பழக்கம்தான் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

நான்கு இட்லியும் முந்தின நாள் மீன் குழம்பும் வைத்தேன். அவர் சாப்பிடவில்லை. இட்லியைத் தட்டில் நகர்த்தி நகர்த்தி வைத்தார். "பாருங்க அத்தே. இத்தனி நாளா பின்னாடி நாலு பேர நிக்க வெச்சேன், அதான் தப்பு. இன்னிக்கி மாத்தப் போறேன். மூணு பேரு பின்னாடி, இந்தாளு நடுவுல." ஒரு இட்லியைப் பிட்டு நடுவில் வைத்தார். கண்ணெல்லாம் வெளிச்சம். ஐந்து வாரமாக அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை.

"மொதல்ல அந்த நடு ஆள துன்னுங்க மாப்ள, ஆறிப் போவுது" என்றேன். சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். எனக்கு அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்ள வேண்டியிருந்தது.

விசிலை எடுத்தார், சிவப்பு ஹெல்மெட்டை மாட்டினார், வண்டி கிளம்பிவிட்டது. நான் கூப்பிடவில்லை. தெருமுனை திரும்புகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கடலுக்குப் போகிறவருக்குக் கெட்ட சேதி கரையில் காத்திருக்கும். இவருக்கோ அது போகிற இடத்திலேயே, கேட்டில், கேமராவோடு நிற்கிறது. நாற்பது வருஷத்துப் பழக்கத்தை வைத்துக்கொண்டு அவரை நானே அதன் வாய்க்குள் அனுப்பிவிட்டேன்.

போன் போட்டேன். வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டார். போனில் கூப்பிடுவதும் பின்னால் கூப்பிடுவதில் சேருமோ என்று அந்த நேரத்திலும் ஒரு பயம். சேர்ந்தால் சேரட்டும் என்று நான்கு முறை போட்டேன். எடுக்கவில்லை.

அப்புறம் என்ன, போனை வீட்டிலேயே போட்டுவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் ரோட்டுக்கு ஓடினேன். ஐஸ் ஏற்றிக்கொண்டு எண்ணூர் பக்கம் போகிற குட்டி யானை ஒன்று வந்தது. குட்டி யானை என்றால் தும்பிக்கையைத் தேடாதீர்கள், சின்ன லோடு வண்டி. ஓட்டுகிறவர் எனக்குத் தெரிந்தவர்தான், தலை நரைத்த ஆள். கையைக் காட்டி ஏறிக்கொண்டேன்.

"இன்னா ஆயா, எங்க கெளம்பிட்டே?"

"கெளம்பறவள எங்கனு கேக்கறியே, உனுக்கெல்லாம் யாரு நைனா பழக்கம் சொல்லிக் குடுத்தது? மாப்ள கிளப்பு மைதானத்தாண்ட வுடு. சீக்கிரம்."

"மாப்ளயாண்டயா போறே? அப்ப நான் சொன்னேன்னு சொல்லு. அஞ்சு மேட்ச்சா பின்னாடி ஆளே இல்லாம ஆடிகினு கீறாங்க. நானா இருந்தா..."

"நீயா இருந்தா ஐஸு உருகியிருக்கும். கியர மாத்து."

மைதானம் திருவொற்றியூர் தாண்டி, எண்ணூருக்கு முன்னால் இருக்கிறது. மூடிப்போன ஒரு கம்பெனியின் இடத்தைக் கிளப் வாடகைக்கு எடுத்திருந்தது. அந்த ரோடு உங்களுக்குத் தெரியும். ஹார்பருக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ரயில் மாதிரி நிற்கும். பைக் சந்தில் நுழைந்து போய்விடும், எங்கள் வண்டி அசையவில்லை. ஓட்டுகிறவர் கோச்சின் தப்புகளை விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தார். ஸ்டீயரிங்கில் இருந்து கையை எடுத்து எண்ணினார். வேலையே போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அந்தச் சேதி எங்களை முந்திக்கொண்டு எண்ணூர் போய்ச் சேர்ந்துவிடும்.

லாரிகள் மெல்ல நகர்ந்தன. டோல்கேட் தாண்டினோம். சிவப்பு ஹெல்மெட்டைத் தேடித் தேடி எனக்குக் கண் பூத்துவிட்டது. தேரடிப் பக்கம் போனபோது இருந்தார்! வாழைப்பழத் தள்ளுவண்டியில், ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சீப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆட்டக்காரர்களுக்குக் கிளப் ஏதோ பவுடர் கொடுக்கும். அவர் நம்பியதில்லை, தினமும் தானே பழம் வாங்கிக்கொண்டு போவார்.

"ஓரங்கட்டு, ஓரங்கட்டு!"

"எங்கேந்து ஆயா ஓரங்கட்டறது? பின்னாடி கன்டெய்னரு கீது, நசுக்கிட்டுப் பூடுவான்!"

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். ஒரு கூப்பாடு போதும். அவர் முதுகைப் பார்த்தேன், பின்னாலிருந்து கூப்பிட வாய் வரவில்லை. சிரிக்காதீர்கள். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது, வண்டி அவரைக் கடந்து போய்விட்டது. ஆனால் ஒன்று, இப்போது நான் அவருக்கு முன்னால் இருந்தேன்.

மைதானத்து கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி என்னை இறக்கிவிட்டார். இரண்டு டி.வி. வண்டி. மூன்று கேமரா, மூன்றும் கேட்டைப் பார்த்து. வாட்ச்மேன் ஸ்டூலில் உட்காராமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"கோச்சு வந்தா வுடுவியா?" என்று கேட்டேன்.

"வுடக் கூடாதுன்னு ஆர்டரும்மா." குரலைத் தாழ்த்தினார். "பேஜாராப் போச்சி. தெனமும் ஹாரன் அடிச்சி, எனுக்கு ஒரு பழம் குடுத்துட்டுதான் உள்ள போவாரு. இன்னிக்கி அவரு மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்?"

ரோடு வளைகிற இடம் கேட்டிலிருந்து நூறடி இருக்கும். அங்கே ஒரு காய்ந்த புளியமரம். அங்கே நின்றால் கேமராவுக்குத் தெரியாது. வெறுங்காலோடு அங்கே போய் நடு ரோட்டில் நின்றேன். ஒரு லாரி வந்து திட்டிவிட்டு ஒதுங்கிப் போனது. அடுத்த லாரியும் திட்டியது. அப்புறம் சிவப்பு ஹெல்மெட் வந்தது.

பிரேக் அடித்து நிறுத்தினார். "அத்தே? அவளுக்கு எதுனா ஆயிடுச்சா?"

"அவளுக்கு ஒண்ணும் ஆவல. எறங்காதீங்க. போன் வந்துச்சே, அது ராங் நம்பரு இல்ல. கிளப்புலேந்து. உங்கள வர வேணான்ட்டாங்க. உள்ள வேற ஆளு வர்றான். கேட்ட தொறக்க மாட்டாங்க, வெளிய கேமரா நிக்குது."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் ஹெல்மெட் கண்ணாடியை மேலே தள்ளினார். என்னைப் பார்க்கவில்லை, ஹேண்டிலில் தொங்கிய வாழைப்பழப் பையைப் பார்த்தார்.

"நான் இட்லி வெச்சி வெளயாடிகினு இருந்தப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் தமாசு பண்ணீங்களா?"

"கெளம்பற ஆளாண்ட சொல்லக் கூடாதுன்னு..."

"இது இன்னா கடலா அத்தே?" கத்திவிட்டார். பதினைந்து வருஷத்தில் என்னிடம் அவர் குரல் உயர்ந்ததில்லை. "நான் அந்த கேட்டாண்ட போய் நின்னிருந்தா? ஊரே பாத்திருக்கும்!"

"ஆமா. தப்புதான். அதான் ஓடியாந்தேன்."

அவர் வண்டியை அணைக்கவில்லை. "என் ஷூ உள்ள கீது. பசங்க கீறாங்க. ஒரு வார்த்த சொல்லாம எப்டிப் போறது? நான் போறேன்" என்று ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். பிடித்து நிறுத்தலாம் என்று கை போனது. இழுத்துக்கொண்டேன்.

"போங்க. வேணான்னு சொல்ல நான் யாரு? கேட்டு தொறக்காது, அதுக்குள்ள மூணு கேமராவும் உங்க மூஞ்சியத் துன்னுடும். இப்ப உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சிகினு போறதுன்னா போங்க."

வழிவிட்டு ஓரமாக நின்றேன். வண்டி உறுமிக்கொண்டே இருந்தது. எத்தனை நேரமோ தெரியாது, எனக்கு ஒரு பகல் மாதிரி இருந்தது. அப்புறம் சாவியைத் திருப்பினார். சத்தம் நின்றது. பையைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"பசங்களுக்கு வாங்கினது. வாட்ச்மேன் கையில குடுத்துட்டு வாங்க."

நான் கொண்டு போனேன். வாழைப்பழத்தோடு வருகிற கிழவியை எந்தக் கேமராக்காரன் பார்ப்பான்? ஒருவன், "தள்ளி நில்லும்மா, பிரேம்ல வராத" என்றுகூடச் சொன்னான். புது கோச்சின் கார் உள்ளே போகிற படம் டி.வி.யில் வந்ததே, அதில் காருக்குப் பின்னால் அழுக்குப் புடவை ஒன்று தெரியும். அது நான்தான். பேனரில் விட்டவர்கள் அதில் போட்டுவிட்டார்கள். வாட்ச்மேன் பையை வாங்கிக்கொண்டு, வளைவுப் பக்கம் பார்த்து, யாரும் கவனிக்காமல் ஒரு கும்பிடு போட்டார்.

திரும்பி வந்து பைக்கில் பின்னால் ஏறினேன். அவர் வண்டியில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஹெல்மெட் கண்ணாடி இறங்கியிருந்தது. முதுகு மட்டும் குலுங்கியது. ரோடு அப்படி ஒன்றும் மோசமில்லை. நான் கம்பியை விட்டுவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன், விழுந்துவிடுவேன் என்று பயந்த மாதிரி.

காலடிப்பேட்டை சிக்னலில் நின்றபோது, முன்னால் பார்த்தபடியே, "அடுத்த வாட்டி சொல்லிடுங்க அத்தே" என்றார்.

"அடுத்த வாட்டியுமா? மொதல்ல வேற வேலையத் தேடுங்க மாப்ள" என்றேன். முதுகு திரும்பக் குலுங்கியது. இந்த முறை சிரிப்பு என்று நினைக்கிறேன். கேட்கவில்லை.

நாங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது சேதி எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. குழாயடியில் நின்ற அத்தனை பெண்களும் குடத்தை விட்டுவிட்டு வந்தார்கள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு யாரையும் பார்க்காமல் மாடி ஏறிப் போனார். எதிர்வீட்டுக்காரி என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆயா, டி.வி.ல சொல்றான், நெசமா? கோச்சு கண்ணு ஏன் அப்டி செவந்து கீது? அழுதாரா?"

"எண்ணூர் ரோட்ல கரண்ட் கம்பெனி சாம்பல் பறக்குதுடி. எனுக்குந்தான் செவந்து கீது, பாரு. நாளைக்கு நீயும் ஒருவாட்டி பைக்ல போய்ட்டு வா, மூக்கு சேத்து செவக்கும். இப்ப போ, கொடம் ரொம்பி வழியுது."

அவள் என் கண்ணை உற்றுப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று நன்றாகத் திறந்து காட்டினேன்.