தள்ளுவண்டியில் தேறிய ரேடியோ

அலுவலகத்தில் அவளுக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர். பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? சுரங்கப்பாதை ரயிலுக்கான ரேடியோவில் அவள் வேலை, சுவர்களில் மோதிச் சிதைந்து வரும் குரலை நேராக்கும் மென்பொருள். குரல் பல சிறு அலைவரிசைகளில் பிரிந்து போகும். கூடவே, இரு பக்கமும் முன்பே அறிந்த சில குறிகளும் போகும். அந்தக் குறிகள் எவ்வளவு கெட்டு வந்திருக்கின்றன என்று பார்த்து, மற்றதையும் ரேடியோ தானே திருத்திக்கொள்ளும்.

திருத்தம் சரியாக இருந்தால் திரையில் புள்ளிகள் நான்கு கூட்டமாக நிற்கும். அவை கொஞ்சம் நடுங்கியதற்கே மேலாளர் முகம் சுளித்தார். அதனால் பழைய குறிகளையும் சேர்த்துச் சராசரி பார்த்து, மெதுவாகத் திருத்தும்படி மாற்றினாள். வழக்கம்போல ரேடியோவைத் தள்ளுவண்டியில் ஏற்றி நடைவழியில் தள்ளிப் பார்த்தார்கள். புள்ளிகள் ஆணியடித்தது போல நின்றன. அவளும் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

சோதனை ஓட்டத்தில் ரயிலை ஓட்டியவன் அவள் தம்பி. அவளும் மேலாளரும் மற்றவர்களும் கட்டுப்பாட்டு அறையில் திரைமுன் இருந்தார்கள். பாதையின் கோடியில் நான்கு பேர் தண்டவாளத்தில் தேங்கிய தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள்; அவர்களுக்கு முன்பே ரேடியோவில் சொல்லி ரயிலை நிறுத்துவதாக ஏற்பாடு. ரயில் வேகமெடுத்ததும், மெதுவான திருத்தம் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல், புள்ளிகள் திரை முழுக்கச் சிதறின. தள்ளுவண்டியை யாராவது ஓடித் தள்ளியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்!

"சார், அவனை நிக்கச் சொல்லுங்க!"

"சொல்லிட்டேதாம்மா இருக்கேன். வெறும் இரைச்சல்தான் வருது."

வளைவில் ரயில் வேகம் குறையும். அந்தச் சில நொடிகள்தான் கதி. மேலாளரிடமிருந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள். புள்ளிகள் மெல்ல மறுபடி நான்கு கூட்டமாயின.

"தம்பி, நிறுத்து! நிறுத்துடா!"

புள்ளிகள் கலைவதற்குள் அதையே இன்னொரு முறை சொன்னாள்.

"நிறுத்திட்டேன்க்கா. ஏன் இப்படிக் கத்துற? அய்யோ, எதிர்ல ஆளுங்க நிக்கிறாங்க!"

"ஆளுங்களுக்கு முன்னால சிவப்புக் கொடி காட்டுற கொடிக்காரர் எங்கடா?"

"நான்தான் மேல அனுப்பிட்டேன். எங்கக்கா செஞ்ச ரேடியோ இருக்கு, கொடி எதுக்குன்னு சொன்னேன்."

அறையில் எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"ரேடியோவ நான் சரியா சோதிச்சுப் பாக்கலடா" என்றாள்.

திரையில் புள்ளிகள் அசையாமல் நின்றன. அவள் சொன்னது அவனுக்குத் தெளிவாகவே கேட்டிருந்தது.