மணிக்கட்டைத் தேடிய விரல்கள்

"புதிதாகச் சேர்ந்த செவிலியரை, அவர் காணும் முதல் மரணத்தின்போது தனியே விடக் கூடாது. மூத்த செவிலியர் ஒருவர் உடனிருக்க வேண்டும். அன்றைய பணி முடிவதற்குள் அவரை உட்காரவைத்துப் பேச வேண்டும்."

என் மகள் நித்யாவுக்கு வைட்ஃபீல்ட் பகுதியில் உள்ள ஆஸ்பத்திரி ஒன்று கொடுத்த கையேட்டில், பதினோராம் பக்கத்தில் இந்த விதி இருக்கிறது. அரசுச் செயலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் விதிகளோடு குடும்பம் நடத்தியவன் சொல்கிறேன், வாசகத்தில் ஒரு குறையும் இல்லை.

அவள் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம், சித்திரை மாதத்தில் ஒரு புதன்கிழமை, பகல் இரண்டு மணிக்கு அவள் கண்ணெதிரே ஒரு பெரியவர் இறந்தார். மூத்த செவிலியர் யாரும் உடனில்லை. கல்லூரியில் பொம்மைக்கு வெள்ளைத் துணி சுற்றப் பழக்கியிருந்தார்கள். பொம்மைக்குக் குடும்பம் கிடையாது. அன்று துணியைச் சுற்றிவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போய் மாத்திரை கொடுத்திருக்கிறாள்.

மறுநாள் முதல் அவள் வேலைக்குப் போகவில்லை.

அழுதிருந்தால் பயந்திருக்க மாட்டேன். ஒரு மதியம் நாற்காலியில் கண்ணயர்ந்தவன் விழித்துப் பார்த்தால், என் மணிக்கட்டில் அவள் விரல்கள். உதடு அசையாமல் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லப்பா. தூங்குங்க."

அதற்குப் பிறகு எனக்கு எப்படித் தூக்கம் வரும்? ஒரு நாளைக்குப் பத்து முறை நாடி பார்க்க வந்தாள். என் மனைவி கோமதி குளியலறையில் கொஞ்சம் தாமதித்தால் கதவைத் தட்டினாள். நாங்கள் இருவரும் செத்துவிடுவோம் என்று வீட்டை விட்டு வெளியே போகவே மறுத்தாள். சோறு பாதிகூட இறங்கவில்லை. அவள் எங்களுக்காகப் பயந்தாள். நாங்கள் அவளுக்காகப் பயந்தோம். அடுகோடிப் பகுதியில் இருக்கும் எங்கள் இரண்டு அறை வீட்டில் யாரும் சத்தமாகப் பேசக்கூட இல்லை.

மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகக் கிளம்பினேன். எங்கள் வீட்டு வாசல்வரை வந்து திரும்பிவிட்டாள். எனக்குத் தெரிந்த அடுத்த வழி, ஆஸ்பத்திரிக்கு மனு. பதினோராம் பக்கத்தை மேற்கோள் காட்டி, ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதிலில்லை. வைகாசியில் ஒரு நினைவூட்டல். ஆனியில் இன்னொன்று.

"பெத்த பொண்ணு சுவத்தப் பாத்து உக்காந்திருக்கா. நீங்க அந்த ஆபீசருக்குக் காப்பி டு, இந்த ஆபீசருக்குக் காப்பி டுன்னு எழுதிட்டிருங்க" என்றாள் கோமதி. "கோயிலுக்குப் போங்க. இல்ல, முருகனுக்கும் ரெண்டு ரிமைண்டர் போட்டாத்தான் போவீங்களா?"

போனேன். நம் கோயில் அன்பர்களுக்கு என்னைத் தெரியும். பஜனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பிரசாத வரிசை ஒழுங்காக நகர்கிறதா என்று பார்ப்பவன். 'விஷயம், உல்லேகம்', அதாவது பொருள், பார்வை என்று தொடங்கி, செயலகத்துக் கன்னடத்தில் ஆயிரக்கணக்கான கடிதங்களை வரைந்த கை இது. சந்நிதியில் நின்றபோது ஒரு வாக்கியம் அமையவில்லை. "பயமா இருக்கு முருகா" என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலை கதவு தட்டப்பட்டது. வாடகைக் கார் ஓட்டுநர் சட்டை போட்ட ஒருவர். பெயர் செல்வம், வீடு ஈஜிபுரா பகுதியில். இறந்துபோன அந்தப் பெரியவரின் மகன்.

ஊழியர் முகவரியை வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது என்று அதே கையேட்டில் இருக்கிறது. "அட்ரஸ் யார் கொடுத்தாங்க?" என்றேன்.

"ஸ்டாஃப் வண்டி ஓட்டுறவன் நம்ம கூட்டாளி சார். அவன்மேல கம்ப்ளெயிண்ட் குடுத்துடாதீங்க. சிஸ்டர்கிட்ட ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிடறேன்."

நித்யா உள்ளிருந்து வந்தாள். அவரைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறியதை இன்னும் மறக்க முடியவில்லை. அவர் வாய் திறப்பதற்குள் இவள் பேசிவிட்டாள்.

"நான்தாண்ணா பொய் சொன்னேன். 'நல்லாத்தான் இருக்காரு, போய்ச் சாப்ட்டு வாங்க'ன்னு. சீனியருங்க எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வாங்க, நானும் சொல்லிட்டேன். நீங்க கேன்டீன் போன கால் மணி நேரத்துல..."

இரண்டு மாதமாக அவள் விழுங்கி வைத்திருந்தது இதுதான். எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

செல்வம் இல்லையென்று கையசைத்தார். "எங்களுக்குக் காலையிலயே டாக்டர் சொல்லிட்டாரும்மா, இன்னிக்குத் தாண்டாதுன்னு. அவரு போறத அம்மா பாக்கக் கூடாதுன்னு அப்பாதான் கண்ணக் காட்டினாரு, கூட்டிட்டுப் போன்னு. நான் கூப்ட்டும் அம்மா எழுந்திருக்கல. நீங்க சொன்னப்புறம்தான் எழுந்துச்சு. இப்ப தினம் அழுவுது, மனுசன் ஒத்தையா போயிட்டாரேன்னு. அதான் கேக்க வந்தேன். ஒத்தையாவா போனாரு?"

"இல்ல" என்றாள் நித்யா. "கையைப் புடிச்சிட்டிருந்தேன். நாடி நிக்கற வரைக்கும் விடல."

அவர் கைகூப்பினார். அவள் அழுதாள், அன்றுதான் முதன்முறையாக. செல்வம் போன பிறகு இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மறுவாரம் மருத்துவரைப் பார்க்க அவளே கிளம்பினாள்.

ஒரு விதி மீறப்பட்டதால் என் பெண் நொறுங்கினாள். இன்னொரு விதி மீறப்பட்டதால் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தாள். முருகன் நான் தெரிந்துவைத்திருந்த எந்த நடைமுறையிலும் வரவில்லை. ஒரு கார் டிரைவரின் வாய்வழியாக வந்தான். இப்போது பஜனையில் முன்வரிசைக்கு வந்துவிட்டேன். பிரசாத வரிசை தானே நகர்கிறது. பயத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து வார்த்தை தேடிக்கொண்டிருக்காதீர்கள். பயமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். அவனுக்கு அது போதும்.

நித்யா ஆனிக் கடைசியில் வேலைக்குத் திரும்பினாள். அவள் வார்டில் ஒரு புதுப் பெண் முதல் மரணத்தைப் பார்த்தபோது, யாரும் சொல்லாமலே பக்கத்தில் போய் நின்று, பிறகு அவளை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்திருக்கிறாள். பதினோராம் பக்கம் இனி கண்டிப்பாகப் பின்பற்றப்படும் என்றும், நடந்ததற்கு வருந்துகிறோம் என்றும் ஆஸ்பத்திரியின் பதில் அதற்குப் பின்புதான் வந்தது. உறையின் மேல், வந்து சேர்ந்த நாளைப் பழைய வழக்கப்படி குறித்து வைத்தேன்: ஆடிக் கிருத்திகை.