விரல் தடம் இல்லாத உருண்டை

எழுபதுகளின் நடுவில் நாங்கள் மறையூரில் இருந்தோம். கரும்புத் தோட்டத்தின் ஓரத்தில் வீடு, வேலிக்கு அப்பால் ஓடை, ஓடைக்கு அப்பால் காடு. கலியாணமாகி வந்த முதல் வருஷத்திலேயே, காலையில் மண்ணைப் பார்த்து யார் வந்து போனது என்று சொல்லப் பழகிவிட்டேன். ஏர் ஓட்டியதுபோல் கிளறிக் கிடந்தால் பன்னிக் கூட்டம். மரவள்ளிக் கிழங்கில் பல்லின் கீறல் வரிவரியாகத் தெரிந்தால் முள்ளம்பன்றி. அவரைக் கொடியில் தலைக்கு மேல் இருந்த கொழுந்து போயிருந்தால் மிளா மான். அவை பொய் சொல்வதில்லை. வந்தால் வந்த தடம் இருக்கும். அதனால் அவற்றோடு இருப்பது எனக்குக் கஷ்டமாக இல்லை.

மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. கண்ணில் பட்டதெல்லாம் வாய்க்குப் போகும். வேப்பம்பழம், கரித்துண்டு, ஒருநாள் ஆட்டுப் புழுக்கை.

ஒரு காலையில் ஓடையில் துணி அலசிக்கொண்டிருந்தபோது, பத்தடி தள்ளி ஒரு பெண் பன்னி தண்ணீரில் நிற்பதைப் பார்த்தேன். என்னைப் பார்த்து ஓடவில்லை. குனிந்தது, நிமிர்ந்தது, மறுபடி குனிந்தது. அதற்குக் கீழ்த்தாடை இல்லை. குடிக்கப் பார்த்த தண்ணீர் அப்படியே ஒழுகி விழுந்தது. பின்னால் கரையில் கோடு போட்ட குட்டிகள் நின்றன. துணியை அங்கேயே விட்டுவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

"அவுட்டுக்காய் கடிச்சிருக்கும்" என்றார் வீட்டுக்காரர்.

வெடிமருந்தை உருட்டி, பன்னிக்குப் பிடித்த எதற்குள்ளாவது பொதிந்து வைப்பதுதான் அவுட்டுக்காய். கடித்தால் வெடிக்கும். எங்கள் ஊரில் எதற்குள் பொதிவார்கள் என்று கேட்டேன்.

"வெல்லத்துலதான். வேற என்ன இருக்கு இங்க?"

"யாருங்க வச்சிருப்பா?"

"யாரு வச்சா உனக்கென்ன? பாரஸ்ட்காரங்க காதுல விழுந்தா ஊரையே நிறுத்தி வச்சு விசாரிப்பாங்க. வாயத் திறக்காத."

வாயைத் திறக்கவில்லை. ஆனால் கண்ணை மூட முடியவில்லை. அதிகமாகக் கரும்பு இழந்தவர் யார் என்று யோசித்தேன். ஓடைக்கரையில் ஆடு மேய்ப்பவரைச் சந்தேகப்பட்டேன். பிறகு, பக்கத்துத் தோட்டத்தில் வெல்லம் காய்ச்சும் கொட்டகை வைத்திருந்தவரை. அவர் மனைவியை நான் அக்கா என்பேன். பிரசவத்தின்போது எனக்குப் பத்தியச் சோறு பொங்கிப் போட்டவள். அவள் அந்த வாரம் தினமும் அரிவாளோடு ஓடைக்கரைக்குப் போய், வெறுங்கையோடு திரும்பினாள்.

"என்னக்கா, புல்லு கிடைக்கலையா?"

"எல்லாம் முத்திப் போச்சு கண்ணு."

மழை பெய்து கரையெல்லாம் இளம்புல் முழங்கால் உயரம் நின்றது. நான் என்னையே கடிந்துகொண்டேன். பிள்ளை பிறந்ததிலிருந்து கிணற்றுத் தண்ணீரைக்கூடச் சந்தேகப்படுகிறவள்தானே நான்.

அவர்கள் கொட்டகையில் எங்கள் கரும்பின் முதல் காய்ச்சல் முடிந்ததும், வழக்கப்படி அக்கா ஒரு முறத்தில் வெல்ல உருண்டை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். பதினொன்று இருந்தன. சூடாக இருக்கும்போதே உள்ளங்கையில் வைத்து அழுத்துவதால் ஒவ்வொன்றிலும் விரல் தடம் பதிந்திருக்கும். ஒன்றில் மட்டும் இல்லை. வழவழவென்று இருந்தது. மகள் அதற்குத்தான் கை நீட்டினாள்.

முறத்தைப் பரண்மேல் ஏற்றினேன். மத்தியானம் சாப்பிட வந்தவரிடம் காட்டினேன்.

"பாகு ஆறிப்போனா தண்ணி தொட்டு உருட்டுவாங்க. எஸ்.எஸ்.எல்.சி. படிச்ச பொம்பளையக் கட்டுனா இதுதான் தொல்லை."

"அப்ப நீங்க கடிச்சுப் பாருங்க."

அவர் அதைக் கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். மெதுவாகத் திரும்ப வைத்தார்.

"எனக்குப் பல்லு வலி" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

உடைத்துப் பார்க்க முடியாது. தட்டவும் முடியாது. மகளை மாட்டுக் கொட்டிலில் பழைய புடவையால் தூணோடு கட்டிவிட்டு, கிணற்றடியில் அண்டா நிறையத் தண்ணீர் ஊற்றி, அந்த உருண்டையைப் பூப்போல இறக்கினேன். கரைந்தால் தெரிந்துவிடும். பிறகு, விரல் தடத்தை யாரும் பதிக்கலாமே என்று தோன்றியது. மற்ற பத்தையும் ஒவ்வொன்றாக இறக்கினேன்.

தண்ணீர் பழுப்பாகி அடி தெரியாமல் போன நேரத்தில் அக்கா வந்துவிட்டாள். காலி முறத்தைப் பார்த்தாள், அண்டாவைப் பார்த்தாள். நான் திட்டுக்குத் தயாராக நின்றேன். காய்ச்சிய வெல்லத்தை ஒருத்தி இப்படிப் பாழாக்கினால் யார்தான் திட்டமாட்டார்கள்? அவள் திட்டவில்லை. முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு அடியெல்லாம் துழாவினாள். கையை வெளியே எடுத்துப் பெருமூச்சு விட்டாள்.

"இதுல இல்ல."

"அப்ப எதுலக்கா இருக்கு?"

சொன்னது என்ன என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கிணற்றுத் திட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க வீட்டுக்காரருதான் மூணு வச்சாரு. ஒண்ண பன்னி கடிச்சிருச்சு. ஒண்ண எடுத்துட்டு வந்துட்டாரு. இன்னொண்ணு வச்ச இடத்துல இல்ல. நரி தூக்குச்சோ, எலி இழுத்துச்சோ. நானும் ஒரு வாரமாத் தேடுறேன். யாராவது பொறுக்கியாந்து கொட்டகை உருண்டையோட போட்டிருப்பாங்களோன்னு இப்பத்தான் பயம் வந்துச்சு."

"பிள்ளைங்க நடமாடுற கரை, ஒரு வார்த்தை சொல்லலையே!"

"சொன்னா அவரைப் பிடிச்சுட்டுப் போயிருவாங்க. கொட்டகை நின்னா உங்க கரும்பும் காஞ்சுதான் கிடக்கும். அதை நினைச்சியா?"

நினைத்திருந்தேன். ஆனாலும் சொன்னேன்.

"சாயங்காலத்துக்குள்ள நீங்களே எல்லாருக்கும் சொல்லிருங்க. இல்லேன்னா நான் சொல்லுவேன்."

"உன் வீட்டுக்காரரு விடுவாரா?"

"விடமாட்டாரு. அப்பவும் சொல்லுவேன்."

அவள் போனாள். நான் வேலியோரம் நின்று கவனித்தேன், உண்மையில் சொல்கிறாளா என்று. வீடு வீடாக ஏறி இறங்கினாள். "ஓடைக்கரையில இனிப்பா எது கிடந்தாலும் பிள்ளைங்க தொடக்கூடாது. பெரியவங்களும் மிதிக்காதீங்க." யார் வைத்தது என்று அவள் சொல்லவில்லை, ஒருவரும் கேட்கவுமில்லை. விஷயம் தெரிந்த வீட்டுக்காரர் இரண்டு நாள் தோட்டத்திலேயே சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் விடிந்து சூரியன் ஏறிய பிறகு ஓடைக்கு அந்தப் பக்கம் வெடித்தது. மகள் என் மடியில்தான் இருந்தாள், ஆனாலும் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். எல்லா வீட்டிலிருந்தும் பெண்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து கடைசிக் குழந்தையும் குரல் கொடுத்த பிறகுதான் ஊர் மூச்சுவிட்டது. வாய் கிழிந்து கிடந்தது எது என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. நானும் போகவில்லை.

அக்கா தன் வேலியருகே நின்று என்னைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினாள். மூன்றும் முடிந்தது என்று அர்த்தம். நான் தலையாட்டினேன். ஆனால் மூன்று என்பது அவள் வீட்டுக்காரர் அவளிடம் சொன்ன கணக்கு. அந்த வருஷம் முழுக்க ஓடைக்கரையில் மகளை இடுப்பை விட்டு இறக்கவில்லை.